முப்பத்தாறும் மூன்று இருமலும்

தலைமையாசிரியையின் புதுக் கோட்டில் நடுப் பொத்தானும் அதன் துளையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைச் சட்டை தெரிந்தது. தையற்காரர் இரண்டு ஓரங்களையும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த முகம் சிவந்ததே தவிர, பொத்தான் அசையவில்லை.

"நான் வேணா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கறேன், மாஸ்டர்."

"விழா மூணு மணி நேரமாச்சே, டீச்சர்" என்றார் தையற்காரர்.

பள்ளிக்கூடத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா சனிக்கிழமை. அன்று திங்கள். ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி கருநீலக் கோட்டில் மேடையில் உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியை ஆசைப்பட்டிருந்தார். அவர் ஆசைப்பட்டால் பள்ளியில் அது சட்டம். பன்னிரண்டு கோட்டும் தைத்து முடிந்து கடையின் இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. போட்டுப் பார்க்க முதலில் வந்தவர் அவர்தான்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தையற்காரரின் மகள் டேப்லெட்டை விரலால் தள்ளிப் பார்த்தாள். இடுப்பு முப்பத்தாறு என்று இருந்தது. கோட்டைக் கழற்றி வாங்கி, மேசைமேல் விரித்து அளந்தாள். முப்பத்தாறு அங்குல இடுப்புக்கு எவ்வளவு தளர்வு விட வேண்டுமோ அவ்வளவு, நூல் பிசகாமல் இருந்தது.

"அளவு சரியாத்தான் இருக்குப்பா" என்றாள்.

அளவு சரியாக இருந்ததுதான் வினை என்பது தையற்காரருக்கு அப்போதே விளங்கிவிட்டது. முப்பத்தாறு என்று சொன்னது அவர்தான். ஆனால் சொல்லிவிட்டு மூன்று தடவை இருமியிருந்தார்.

அந்த இருமலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

கடை தொடங்கிய புதிதில் அவர் அளவு நாடாவில் இருந்ததை இருந்தபடியே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி மேசையில் உட்கார்ந்து நீளமான நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒருநாள் பெஞ்சில் நாலு பேர் காத்திருக்கும்போது ஒரு வங்கி அதிகாரியின் இடுப்பு நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டார். அதிகாரி தன் துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனவர்தான், பிறகு அந்தத் தெருவிலேயே நடக்கவில்லை. அன்று சாயங்காலம் மனைவி ஒரு வழி சொன்னாள்.

"நீங்க அவங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுங்க. நான் உள்ளதைக் குறிச்சுக்கறேன்."

"உள்ளது உனக்கு எப்படித் தெரியும்?"

"இருமுங்க. ஒரு இஞ்சுக்கு ஒரு இருமல்."

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. முப்பத்தாறு என்று சொல்லி மூன்று தடவை இருமினால் முப்பத்தொன்பது. எட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு என்பதால் மனைவி முப்பத்தாறு என்றுதான் எழுதுவாள்; பக்கத்தில் பேனா முனையால் மூன்று சின்னப் புள்ளிகள் வைப்பாள். துணி வெட்டும்போது தையற்காரர் புள்ளிகளையும் கூட்டிக்கொண்டு வெட்டுவார். கோட்டு கச்சிதமாக உட்காரும். இன்னும் அதே முப்பத்தாறுதான் என்று மனிதர்கள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்பார்கள். முப்பது வருஷத்தில் அந்த ஊரில் ஒருவருக்கும் இடுப்பு பெருக்கவில்லை. இருமல்தான் பெருகியது.

துணித் தூசியில் உழைத்து மாஸ்டருக்கு நெஞ்சு கெட்டுவிட்டது என்று ஊர் இரங்கியது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அளவு கொடுக்க வருகிற யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கொரு பொட்டலம் இருமல் மிட்டாய். நுழைந்தவுடன் பொட்டலத்தைப் பிரித்து, முதலில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு அளவெடுக்கலாம் என்பார்கள். தையற்காரர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அளவெடுப்பார், ஒதுக்கிக்கொண்டே இருமுவார். இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உறுத்தும். தின்றது போக மீந்த மிட்டாய்கள் மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிறைந்திருந்தன.

மனைவி போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நெஞ்சு வலியை நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள். அப்பாவைத் தனியாக விடக் கூடாது என்று மகள் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். தன் கணினி வேலையைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து செய்தாள். மற்ற நேரத்தில் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றி, போன மாதம்தான் நோட்டுக்குப் பதில் டேப்லெட் கொண்டுவந்தாள்; ஆசிரியர்களின் கோட்டுகள்தான் அதில் முதல் வேலை. அதில் அளவைத் தட்டினால் கோட்டின் ஒவ்வொரு துண்டையும் அதுவே வரைந்துவிடும். வரைபடம் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு வெட்டும் ஆலைக்குப் போகும். அங்கே ஒரு இயந்திரம் துணியை வெட்டிக் கட்டி அனுப்பும். இவர் தைத்தால் போதும்.

தையற்காரருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கத்தரி பிடித்து இறங்கிப்போன வலது தோளுக்கு அது பெரிய விடுதலை. முதல் கட்டு வந்தபோது துண்டுகளின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இவ்வளவு நேராக நான் வெட்டியதே இல்லை என்று ஆலைக்குப் போன் பண்ணிச் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் அது புகாரா பாராட்டா என்று தெரியாமல் போனை மேலாளரிடம் கொடுத்துவிட்டார்.

ஆசிரியர்களுக்கு அளவெடுத்த அன்றும் எல்லாம் வழக்கம்போல் இருந்தது. மேசையில் யாரோ தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. எண்ணைச் சொன்னார், இருமினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். பன்னிரண்டு பேர், முப்பத்தேழு இருமல். தைக்கும்போது கோட்டுகள் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிந்தன. கணினிக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார்.

இப்போது மகளிடம் சொல்லிவிடலாம். ஆனால் அது அவர் ஒருவருடைய ரகசியம் இல்லை. பாதி போனவளுடையது. மீதிப் பாதி ஊராருடைய இடுப்பு.

"துணி சுருங்கியிருக்கும்" என்றார்.

மகள் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் இல்லை. தலைமையாசிரியை போனதும் மீந்த துணியில் ஒரு சாண் வெட்டி, வாளித் தண்ணீரில் முக்கி, காயவைத்து அளந்தாள். அது ஒரு மயிரிழையும் சுருங்கவில்லை. பிறகு அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி இரும்புக் கோலோடு வைத்துப் பார்த்தாள். பழைய நாடா, கால் அங்குலம் நீண்டிருந்தது.

"டேப்பு இழுத்துக்கிட்டிருக்குப்பா. இழுத்த டேப்புல அளந்தா கம்மியாத்தான் காட்டும்."

கிளையைக் கண்டதும் தாவிப் பிடித்துக்கொண்டார் தையற்காரர். "அதேதான். எனக்கு அப்பவே சந்தேகம்."

கால் அங்குலம் எப்படி மூன்று அங்குலம் ஆகும் என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசித்துவிட்டு, அப்படியானால் பன்னிரண்டு பேருக்கும் மறுபடி அளவெடுக்க வேண்டும், இனி நாடாவே வேண்டாம் என்றாள். போனிலேயே அளவெடுக்கும் ஒரு செயலி இருந்தது. போனை நிறுத்திவைத்து, ஆளை முன்னால் நிற்கச் சொல்லி, ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் நாலைந்து பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் கணக்கு வாத்தியார், மடியில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு. இடுப்பு அளவில் அந்தப் பள்ளியிலேயே முதலிடம் அவருக்குத்தான்; வரிசையில் எப்போதும் கடைசி.

முதலில் உடற்பயிற்சி ஆசிரியர் நின்றார். பதினைந்து வருஷமாக முப்பத்தாறாக இருந்தவர். கைகளை விரித்து, விறைப்பாக ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தப் போன் பேசும் என்று மகள் சொல்லியிருக்கவில்லை; அவளுக்கே தெரியாது.

"இடுப்பு. நாற்பது" என்றது போன், ரயில் நிலையத்தில் அறிவிக்கிற மாதிரி ஒரு பெண் குரலில்.

உடற்பயிற்சி ஆசிரியர் வயிற்றை எக்கிக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"அளவெடுக்க முடியவில்லை. இயல்பாக நிற்கவும்" என்றது போன். இயல்பாக நின்றார். "இடுப்பு. நாற்பது."

"இருக்கட்டும். அதை இப்படியா சொல்றது?" என்று அவர் தையற்காரரைப் பார்த்துத்தான் கேட்டார்.

பெஞ்சில் ஒருவருக்கு வீட்டில் பால் காய்ச்ச வேண்டியிருந்தது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்குப் பல் வலித்தது. கணக்கு வாத்தியார் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்று சொல்லி, வந்ததைவிட வேகமாகப் போனார்.

மகள் பதறிப்போனாள். குரலை அணைக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தாள். மறுநாள் காலை அவளே பள்ளிக்குப் போய், வகுப்பறைக் கதவைச் சாத்தி, ஒருவர் அளவு இன்னொருவர் காதில் விழாமல் பன்னிரண்டு பேரையும் சுற்றவைத்து அளவெடுத்து வந்தாள். தங்கமான பெண், அம்மாவைப்போலவே பக்குவம் என்று எல்லாரும் சொன்னார்களாம். தையற்காரர் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் அதே கருநீலத்தில் பட்டை வைத்துத் தைத்தால் கோட்டு பெரிதாகிவிடும், சனிக்கிழமைக்கு முடித்துவிடலாம்.

பகல் மூன்று மணிக்குப் பன்னிரண்டு பேருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

அளவு கொடுத்தவர்களுக்கு அந்தச் செயலி தானாகவே ஒரு செய்தி அனுப்பும். பழைய அளவும் மகள் ஏற்றிவைத்ததுதான் என்பதால் ஒப்பிட்டுச் சொல்லியிருந்தது. 'உங்கள் புதிய அளவு 39. சென்ற மாதம் 36. இருபத்தோரு நாளில் மூன்று அங்குல வளர்ச்சி.' கீழே மேல்நோக்கிப் போகும் சிவப்புக் கோடு. கோட்டின் உச்சியில் சிரிக்கிற முகம் ஒன்று.

அன்று ஆசிரியர் அறையில் வைத்த பிஸ்கட் தட்டு தொடப்படாமல் திரும்பியது என்று பிறகு தெரிந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் மைதானத்தைப் பதினோரு தடவை சுற்றி ஓடி, பன்னிரண்டாவது சுற்றில் புல்லில் படுத்துவிட்டார். நாலரை மணிக்குத் தலைமையாசிரியை கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எண்ணைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, மாஸ்டர். எழுத்துல அனுப்பலாமா? அதுல ஒரு பொம்மை வேற சிரிக்குது."

இருபத்தாறு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தையே நிமிர்ந்து நிற்கவைத்த மனுஷி, கைப்பையை வயிற்றுக்கு நேரே மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தையற்காரருக்குத் தாங்கவில்லை.

"அந்தப் போன் தப்பு, டீச்சர். எல்லாருக்கும் மூணு நாலு கூட்டித்தான் காட்டுது. குப்பை."

மகள் அப்போது பின்னறையிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தாள். தலைமையாசிரியை அவளையும் அவரையும் பார்த்தார். அப்படியானால் போன் அளவு எங்கள் கோட்டுக்கு வேண்டாம், பட்டை வைத்துத் தையுங்கள், சனிக்கிழமை காலையில் எல்லாரும் வருகிறோம், நீங்கள் உங்கள் வழக்கப்படி கையால் அளந்து சரிபாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 'உங்கள் வழக்கப்படி' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாற்போல் இருந்தது.

மகள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வியாழக்கிழமை காலையில் கண்கள் சிவந்து வெளியே வந்து, டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"துணியில தப்பில்ல. வெட்டுனதுல தப்பில்ல. போன்லயும் தப்பில்ல, கோட்டே சாட்சி. அப்ப நீங்க அளந்ததுலதான் ஏதோ இருக்கு. இதைக் கேளுங்க."

அளவெடுத்தபோது டேப்லெட் குரலையும் பதிவுசெய்து வைத்திருந்தது. அவள் அழுத்தினாள். கடைக்குள் அவர் குரலே கேட்டது. 'இடுப்பு முப்பத்தாறு.' பிறகு இருமல், இருமல், இருமல். கடைசி ஆள். 'முப்பத்தெட்டு.' ஐந்து இருமல்.

பன்னிரண்டு பேரையும் அவள் பட்டியல் போட்டிருந்தாள். ஒரு வரிசையில் இருமல். ஒரு வரிசையில் பிழை. தலைமையாசிரியை: மூன்று இருமல், மூன்று அங்குலம். உடற்பயிற்சி: நாலு இருமல், நாலு அங்குலம். கணக்கு: ஐந்து, ஐந்து. இசை ஆசிரியை ஒல்லி: இருமலும் இல்லை, பிழையும் இல்லை. ஒன்றுகூடத் தவறவில்லை.

தையற்காரர் டேப்லெட்டைக் கவிழ்த்துவைத்தார். கண்டுபிடித்துவிட்டாள். கணினி படித்த பிள்ளை. முப்பது வருஷ ரகசியத்தை ஒரே நாளில் பிரித்துவிட்டாள்.

"உங்களுக்கு இருமல் வரும்போதெல்லாம் கை ஆடுதுப்பா" என்றாள் மகள். "ஒவ்வொரு இருமலுக்கும் டேப்பு ஒரு இஞ்ச் நழுவுது. இவ்வளவு மோசமான இருமலை வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை நீங்க. அம்மா மாதிரியே."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு சொற்களால் வரவில்லை.

பத்து மணிக்கு டாக்டரிடம் இருந்தார்கள். டாக்டரும் பழைய வாடிக்கையாளர், நாலு இருமல்காரர். முன்னும் பின்னும் குழாய் வைத்துக் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். வீட்டில் இருமலே இல்லை, கடையில்தான், அதுவும் அளவெடுக்கும்போதுதான் என்று மகள் விவரம் சொல்லச் சொல்ல, டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. இதுக்கு நான் மருந்து எழுதமாட்டேன். மிட்டாய் போட்டுக்கட்டும், நிறையப் போட்டுக்கட்டும்." பிறகு தையற்காரரிடம், "அடுத்த வாரம் கால்சட்டைக்கு அளவு குடுக்க வரேன். நானே வாங்கிட்டு வரேன்" என்றார்.

இந்த ஊரில் டாக்டர்கூடச் சரியில்லை என்று மகள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மாவும் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்ததும் பின்னறையில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு தாளோடு வந்தாள். 'சனிக்கிழமையுடன் கடை மூடப்படுகிறது.' பெரிய எழுத்தில், நடுவில், கோணாமல் இருந்தது.

"இந்தத் தூசிக்குள்ள இனிமே நீங்க ஒரு நாளும் இருக்க வேண்டாம். என்கூட வந்துடுங்க. எட்டாவது மாடி, நல்ல காத்து. என்னால இன்னொரு தடவை முடியாதுப்பா."

தாளைக் கதவில் ஒட்டப் போனவளைத் தையற்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். கடை இருபது அடிக்குப் பன்னிரண்டு அடி. ஒரு மேசை, இரண்டு தையல் இயந்திரம், ஒரு கண்ணாடி, அந்த நாற்காலி. எட்டாவது மாடியில் அவர் எதை அளப்பார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து விரித்துவைத்தார்.

"இந்த நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனியே, இந்தப் புள்ளியெல்லாம் எங்க?"

"அது மைக்கறைப்பா. பக்கத்துக்குப் பக்கம் இருந்துச்சு. தூசி நீக்கின்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டேன். சுத்தமாயிடுச்சு."

"அது தூசி இல்லம்மா. உங்கம்மா வச்சது."

சொன்னார். வங்கி அதிகாரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டையும் டேப்லெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைமையாசிரியை பெயருக்கு எதிரே மூன்று புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். உடற்பயிற்சி, நாலு. கணக்கு வாத்தியார் பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு, பிறகு மூன்று, பிறகு நாலு, அம்மா எழுதிய கடைசிப் பக்கத்தில் ஐந்து. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று தையற்காரர் தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழவும் செய்தாள்தான். எது முதலில் தொடங்கியது என்று தெரியவில்லை.

"முப்பது வருஷம். ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

"யாருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தான்."

"அம்மாவோட பக்கம் எங்க?"

அவர் புரட்டிக் காட்டினார். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து கடைசிவரை ஒரே எண் இறங்கி வந்தது. புள்ளியே இல்லை.

"நான் தொண்டை கிழிய இருமுவேன். அவ பக்கத்துல மட்டும் வைக்கவே மாட்டா" என்றார் தையற்காரர்.

கதவில் ஒட்ட இருந்த தாளை மகள் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இரண்டு இயந்திரங்களும் ஓய்வில்லாமல் ஓடின. அவர் தைத்தார், அவள் பட்டைகளை அளந்து வெட்டிக் கொடுத்தாள். செயலி அனுப்பும் செய்தியை அடியோடு நிறுத்தினாள். டேப்லெட்டில் அளவு தட்டும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம் உண்டாக்கினாள். அதை ஒரு தடவை தொட்டால் ஒரு புள்ளி விழும். திரையில் தெரிவது முப்பத்தாறுதான். வெட்டும் ஆலைக்குப் போவது முப்பத்தொன்பது. எட்டிப் பார்த்தாலும் கவலை இல்லை. அம்மா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டாள். இவ்வளவு நாள் கழித்தாவது ஒரு கம்ப்யூட்டருக்கு மரியாதை தெரிந்ததே என்றிருப்பாள் என்றார் அவர்.

சனிக்கிழமை காலையில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். புதிய நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையற்காரர் கண்ணாடிப் பக்கத்தில் நின்றார். தலைமையாசிரியை கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் துளைக்குள் தானாகப் போய் உட்கார்ந்தது. வழக்கப்படி அளந்து, "முப்பத்தாறு" என்று சொல்லி, மூன்று தடவை இருமினார். மேசையில் மகள் தலையைக் குனிந்துகொண்டு மூன்று தடவை தொட்டாள். தலைமையாசிரியை பக்கவாட்டில் திரும்பி, கைப்பையைக் கீழே வைத்து, கண்ணாடியில் தன்னை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் போன் தப்புன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க, மாஸ்டர்" என்றார்.

உடற்பயிற்சி ஆசிரியர் முப்பத்தாறுக்குத் திரும்பினார். முகத்தில் களை வந்தது. மேசைமேல் மிட்டாய்ப் பொட்டலங்கள் குவிந்துகொண்டே வந்தன. ஜாடியில் இடமில்லை. மகள் அவற்றைப் பார்க்கப் பார்க்க நெளிந்தாள். முப்பது வருஷமாக இல்லாத நோய்க்கு ஊர் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் இந்தப் பாவத்தையாவது நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியாகக் கணக்கு வாத்தியார் எழுந்தார். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மிட்டாயின் தாளைத் தானே உரித்து, தையற்காரர் வாய்க்கு நேரே நீட்டினார். மகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"சார், இனிமே இதெல்லாம் வேண்டாம். டாக்டர் பாத்துட்டார். அப்பாவுக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லை."

தையற்காரர் நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் நீட்டிய கையை மடக்கவில்லை. பெஞ்சில் பதினோரு கருநீலக் கோட்டுகளும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தன.

"நெஞ்சுக்குன்னு யாரும்மா சொன்னா? போன தடவை எனக்கு அஞ்சு இருமல். மிட்டாய் போட்டா அது நாலாகாதான்னுதான் இத்தனை வருஷமா இந்த ஊரே வாங்கிட்டு வருது."